பள்ளிவாசல்களுக்கு ஒரு சில்பி

ஒரு சமுதாயம் தன்னைப் பற்றி என்ன எண்ணுகிறது என்பதை அறிய அதன் நூல்களைப் படிப்பது ஒரு வழி. அந்நூல்களின் அட்டைகளைப் பார்ப்பது மற்றொரு வழி. நூலுக்குள் இருப்பது ஆசிரியரின் கருத்து. அட்டையில் இருப்பதோ ஆசிரியர், பதிப்பாளர், அச்சகத்தார், வாசகர் ஆகிய நால்வரும் ஐயமின்றி ஒப்புக்கொண்ட கருத்து. ஆதலால் அட்டைப் படம் பல வேளைகளில் உள்ளே இருக்கும் எழுத்தைக் காட்டிலும் உண்மையாகப் பேசிவிடுகிறது.

இவ்வெண்ணம் என் வீட்டு அலமாரியை ஒழுங்குசெய்த ஒரு நாளில் தோன்றியது. சில ஆண்டுகளாகச் சேர்ந்திருந்த நிக்காஹ் அழைப்பிதழ்கள், மீலாது விழாத் துண்டறிக்கைகள், மதரஸா ஆண்டு மலர்கள், மார்க்கச் சிறுநூல்கள் யாவற்றையும் தரையில் பரப்பினேன். ராசிபுரத்தில் அச்சானவை சில. சேலத்திலும் ஈரோட்டிலும் அச்சானவை சில. சென்னையிலிருந்து வந்தவை சில. ஊர் வேறு, ஆண்டு வேறு, அச்சகம் வேறு. எனினும் அவற்றுள் பெரும்பாலானவற்றில் ஒரே படம்! வெங்காய வடிவில் ஒரு குவிமாடம், அதன் இருமருங்கிலும் ஊசிபோல் இரு மினாராக்கள், மேலே பிறை, கீழே மணல்மேடு, ஓரத்தில் ஒரு பேரீச்ச மரம், சிலவற்றில் ஓர் ஒட்டகம்.

இப்படத்தில் உள்ள பொருள்களுள் எதனை நம் ஊரில் கண்டிருக்கிறோம்? பிறையைக் கண்டிருக்கிறோம். மற்றவற்றை?

வரைகலை வடிவமைப்பு என்று இன்று வழங்கும் கலையில் விளக்க ஓவியத்திற்கு உரிய இடம் யாது என்னும் வினாவைக் கலைக்கல்லூரிகளில் விவாதிப்பதுண்டு. நமக்கு அவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. நம் வீட்டு அலமாரியில் கிடக்கும் வினா அது. ஆதலின் அதனைச் சற்று நின்று ஆராய்தல் தகும்.

*

முதற்கண் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ஓவியம் என்பது தன்னளவில் நிறைவு பெறுவது. சுவரில் தனித்துத் தொங்கினாலும் அது ஓவியமே. விளக்க ஓவியம் அத்தகையதன்று. அது ஒரு சொல்லுக்கோ, கதைக்கோ, பொருளுக்கோ கட்டுப்பட்டது. வரைகலை வடிவமைப்பு என்பது எழுத்து, படம், நிறம், வெற்றிடம் ஆகியவற்றை ஒரு பக்கத்தில் ஒழுங்குபடுத்திப் பார்ப்பவர் மனத்தில் ஒரு செய்தியைச் சேர்ப்பிக்கும் தொழில். பக்கத்தில் வெற்றிடத்தை நிரப்புவதற்காக மட்டும் படம் வருமானால், அது அங்கே விருந்தாளியாகக்கூட இருப்பதில்லை. வழிதவறி வந்ததாகவே இருக்கும்.

விளக்க ஓவியத்தின் கடமைகளை மூன்றாக வகுக்கலாம். ஒன்று, விளக்குதல்: சொல்லால் எளிதிற் புரியவைக்க இயலாததைக் கோட்டால் புரியவைப்பது. இரண்டு, அடையாளம் தருதல்: பலவற்றுள் இன்னது இது என்று காட்டுவது. மூன்று, அணிசெய்தல்: கண்ணுக்கு இனிமை கூட்டுவது. மூன்றும் வேண்டியவையே. ஆயினும் முதலிரண்டும் மறைந்து மூன்றாவது மட்டும் எஞ்சும்போது படம் தன் தொழிலை இழக்கிறது. நம் பக்கங்களில் நேர்ந்திருப்பது இதுவே என்பது என் கருத்து.

இம்மூன்று கடமைகளும் ஒருவர் கையில் எவ்வாறு கூடிநின்றன என்பதற்கு எடுத்துக்காட்டுத் தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நெய்யாலும் பட்டாலும் பெயர் பெற்ற ராசிபுரம், இந்திய விளக்க ஓவியத்தின் வரலாற்றிலும் ஒரு முதலெழுத்தாக இடம் பெற்றிருக்கிறது. ஆர்.கே. நாராயண், ஆர்.கே. லக்ஷ்மண் என்னும் உடன்பிறப்புகளின் பெயர்களில் முன்னிற்கும் எழுத்து ராசிபுரத்தைக் குறிப்பது; அது அவர்கள் குடும்பத்தின் பூர்விக ஊர். மூத்தவர் 1906இல் சென்னையிலும் இளையவர் 1921இல் மைசூரிலும் பிறந்தனர். ஊரில் வாழாவிடினும் ஊரைப் பெயரில் சுமந்தனர்.

நாராயண் மால்குடி என்னும் ஊரைச் சொல்லால் கட்டினார். உலகப்படத்தில் இல்லாத அவ்வூருக்குத் தெருவும் திண்ணையும் கொடுத்தவர் லக்ஷ்மண். மைசூரில் மாணவராக இருந்தபோதே அண்ணனின் கதைகளுக்கு 'ஹிந்து' நாளிதழில் படம் வரைந்தவர் அவர். பம்பாயின் ஜே.ஜே. கலைப்பள்ளி இடந்தர மறுத்த அதே இளைஞர்தாம் பின்னாளில் அந்நகரத்தின் பெரிய நாளிதழில் அரை நூற்றாண்டு வரைந்தார். 1942இல் நாராயண் நிறுவிய 'இந்தியன் தாட்' பதிப்பக நூல்களிலும், பின்னர்ச் சங்கர் நாக் இயக்கிய 'மால்குடி டேஸ்' தொலைக்காட்சித் தொடரிலும் லக்ஷ்மணின் கோடுகளே அவ்வூருக்கு முகமாயின.

அக்கோடுகளை உற்று நோக்குவோர் ஒன்றைக் காண்பர். கதையில் சொல்லப்பட்டதை அவை திரும்பச் சொல்வதில்லை. ஒரு சிறுவன் நின்றான் என்று கதை சொன்னால், அவன் சட்டை எப்படிக் கசங்கியிருந்தது, அவன் பின்னால் இருந்த சுவரில் காரை எங்கே பெயர்ந்திருந்தது என்பதைப் படம் சொல்லும். எழுத்தாளர் விட்ட இடத்தை ஓவியர் நிரப்பினார்; எழுத்தாளர் நிரப்பிய இடத்தில் ஓவியர் கைவைக்கவில்லை. விளக்குதல் என்னும் முதற்கடமை இவ்வாறு நிறைவேறியது.

இரண்டாவது கடமைக்கும் அவரே சான்று. 1942இல் பம்பாயில் தொடங்கிய ஏஷியன் பெயின்ட்ஸ் நிறுவனத்திற்காக 1954இல் லக்ஷ்மண் ஒரு சிறுவனை வரைந்து கொடுத்தார். நெற்றியில் விழும் கலைந்த முடி, கையில் வண்ணம் சொட்டும் தூரிகை, முகத்தில் குறும்பு. 'கட்டூ' என்று பெயர் பெற்ற அச்சிறுவன் சுமார் 48 ஆண்டுகள் வண்ணக் குவளைகளின் மேல் நின்றான். எழுத்தறியாத சாயம் பூசுவோரும் சிற்றூர்க் கடைக்காரரும் நிறுவனத்தின் பெயரை வாசிக்க வேண்டியிருக்கவில்லை. 'அந்தப் பையன் படம் போட்ட டப்பா' என்றாலே போதும். ஏர் இந்தியாவின் மகாராஜா 1946இலும், அமுல் வெண்ணெயின் புள்ளிச்சட்டைச் சிறுமி 1966இலும் தோன்றினர். எழுத்தறிவு பரவாத நாட்டில் படம் பெயராகவே வேலை செய்தது. நம் சேலம், நாமக்கல் பகுதியில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யும் ஆலைகளின் மூட்டைகளிலும், சிவகாசியின் தீப்பெட்டிகளிலும் விலங்கும் பறவையும் பூவும் பொறிக்கப்பட்டதன் காரணமும் இதுவே.

2002இல் கட்டூ ஓய்வு பெற்றான். அதற்குள் நாடு மாறியிருந்தது. வண்ணத்தைத் தெரிந்தெடுப்பவர் பூச்சுத் தொழிலாளியாக இல்லாமல் வீட்டுக்காரராக மாறியிருந்தார். அவர் படித்தவர், தொலைக்காட்சி பார்ப்பவர். அவருக்குக் குறும்புச் சிறுவனைக் காட்டிலும் அழகிய வரவேற்பறையின் நிழற்படம் பிடித்தது. கையால் வரைந்த உருவம் விலகி, நிழற்படமும் எழுத்துக்குறியும் முன்வந்தன. ஏறக்குறைய எல்லா நிறுவனங்களிலும் இதுவே கதை. படம் செய்துவந்த அடையாள வேலையை எழுத்து ஏற்றுக்கொண்டது. எஞ்சியது அலங்காரம் மட்டுமே.

லக்ஷ்மணின் மற்றொரு படைப்பையும் இங்கு எண்ணிப் பார்க்க வேண்டும். 1951 முதல் 'டைம்ஸ் ஆஃப் இந்தியா'வில் தோன்றிய 'சாமானிய மனிதர்' கட்டம்போட்ட மேற்சட்டையும் வேட்டியும் மூக்குக்கண்ணாடியுமாய் வாய் திறவாமல் எல்லாவற்றையும் பார்த்து நிற்பவர். 1988இல் அஞ்சல்தலையிலும் இடம் பெற்றார். தொடக்கத்தில் லக்ஷ்மண் வங்காளியர், தமிழர், பஞ்சாபியர் எனப் பலரை வரைந்துவந்தார். நாள்தோறும் நேரம் நெருக்கவே ஒவ்வொருவராகக் குறைத்து, கடைசியில் இந்த ஒருவரிடம் வந்து நின்றார். பொதுக்குறி ஒன்று நேர்மையாகப் பிறக்கும் வழி இதுவே. பலரை உற்றுப் பார்த்த கண்தான் அனைவருக்கும் பொதுவான ஒருவரைக் கண்டெடுக்கத் தகுதி பெறுகிறது. நம் அழைப்பிதழ்களின் குவிமாடமும் ஒரு பொதுக்குறிதான். ஆனால் எந்தப் பள்ளிவாசலை உற்றுப் பார்த்து அதனை வரைந்தார்கள்?

*

இந்த வட்டாரம் தந்த இன்னொருவரை இங்கே நினைவுகூர்வது கடமை. 1919இல் நாமக்கல்லில் பிறந்த பி.எம். சீனிவாசன் என்பவரைத் தமிழுலகம் 'சில்பி' என்னும் பெயரால் அறியும். இளமையில் அவருடைய திறத்தைக் கண்டு சென்னைக் கலைப்பள்ளிக்குச் செல்லத் தூண்டியவர் நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை. கவிஞராகப் புகழ்பெறும் முன்பே ஓவியராக வாழ்ந்தவர் அவர் என்பது பலருக்குத் தெரியாது. 'ஆனந்த விகட'னில் ஓவியர் மாலியின் வழிகாட்டலில் சில்பி கோயிற் கட்டடங்களையும் சிற்பங்களையும் வரையத் தலைப்பட்டார். 'தென்னாட்டுச் செல்வங்கள்' என்னும் தொடருக்காக ஆண்டுக்கணக்கில் ஊர் ஊராகச் சென்று, தூண்களின் முன் அமர்ந்து, கல்லின் ஒவ்வொரு வளைவையும் கோட்டில் கொண்டுவந்தார். 1983இல் மறைந்தார்.

அவ்வேலையின் பயனை எண்ணிப் பாருங்கள். தன் ஊர்க் கோயிலின் மண்டபத் தூணை நாள்தோறும் கடந்துசென்றும் காணாதிருந்த தமிழன், வார இதழின் பக்கத்தில் அத்தூணைக் கண்டு, திரும்பிச் சென்று அதன் முன் நின்றான். படம் அவனுக்குப் பார்வை கொடுத்தது. கல்வெட்டு அறிஞர்களின் கட்டுரைகளால் ஆகாத செயலை ஒரு விளக்க ஓவியர் வாரம் ஒரு பக்கத்தில் செய்தார்.

இப்போது நம் பக்கம் திரும்புவோம். கீழக்கரையில், வள்ளல் சீதக்காதியின் காலத்தோடு தொடர்புபடுத்திப் பேசப்படும் பழைய ஜும்ஆப் பள்ளிவாசல் இருக்கிறது. காயல்பட்டினத்தில் பழம்பெரும் பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் வெங்காயக் குவிமாடம் இல்லை. கருங்கல் தூண்கள் உண்டு. தூண்தலையில் போதிகைகள் உண்டு. தட்டையான கற்கூரை உண்டு. தமிழ்நாட்டுக் கோயில் மண்டபங்களைக் கட்டிய அதே கல்தச்சர் மரபு, உருவச் சிற்பங்களை முற்றிலும் விலக்கி, அவ்விடத்தில் பூவும் கொடியும் வடிவக் கோலங்களும் செதுக்கி, தொழுகைக்கென ஓர் இல்லத்தை எழுப்பியது. தமிழும் இஸ்லாமும் கல்லில் கைகோத்த காட்சி அது. மெஹ்ர்தாத் ஷொகூஹி என்னும் ஆய்வாளர் இப்பள்ளிகளை அளந்து வரைபடங்களோடு ஆங்கிலத்தில் நூல் எழுதி 2003இல் வெளியிட்டார். அது ஆய்வாளர் கையிலிருக்கும் நூல். நம் குடும்பங்கள் வாசிக்கும் இதழ்களில், சில்பியின் தொடரைப் போலப் பள்ளிவாசல்களின் தூண்களையும் வாயில்களையும் மாதந்தோறும் வரைந்து காட்டிய தொடர் ஒன்றை நான் கண்டதில்லை.

இந்த இழப்பு அழகுணர்ச்சியோடு முடிந்துவிடுவதன்று. பல ஊர்களில் பழைய கற்பள்ளிகளை இடித்துவிட்டுச் சிமெண்டுக் குவிமாடங்கள் எழுப்பப்படுகின்றன. இடம் போதாமை உண்மையான காரணமாக இருக்கலாம்; மக்கள் பெருகும்போது பள்ளியும் பெருகத்தான் வேண்டும். ஆனால் புதிதாகக் கட்டுவது ஏன் எப்போதும் அதே குவிமாடமாக அமைகிறது? 'பள்ளி என்றால் இப்படித்தான் இருக்கும்' என்று நாட்காட்டியும் அழைப்பிதழும் மூன்று தலைமுறைகளாக நம் கண்ணுக்குப் பாடம் சொல்லியிருக்கின்றன. படத்தில் இல்லாத பள்ளி நமக்குப் பள்ளியாகவே தோன்றவில்லை. அச்சுத்தாளில் தொடங்கிய சோம்பல் இறுதியில் கல்லையே இடிக்கும் கடப்பாரை ஆகிறது.

*

இங்கே அன்பர் ஒருவர் குறுக்கிட்டுக் கேட்கலாம்: 'படம் வரைதலே மார்க்கத்தில் ஐயத்திற்குரியதாயிற்றே, நமக்கு ஓவிய மரபு எங்கே இருந்தது?' என்று. இவ்வினாவைத் தவிர்த்துச் செல்வது நேர்மையாகாது.

உயிருள்ளவற்றின் உருவம் வரைதல் பற்றி நபிமொழிகளில் எச்சரிக்கை உண்டு. அதன் எல்லை எது என்பதில் மார்க்க அறிஞரிடையே கருத்து வேறுபாடும் உண்டு. தீர்ப்புக் கூறுவது திறனாய்வாளன் வேலையன்று, ஆலிம்களின் வேலை. நான் சுட்ட விரும்புவது வேறொன்று. படம் வரைந்தே பிழைக்கும் ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்தார். அவருக்கு அன்னவர் எச்சரிக்கையை எடுத்துரைத்தார்கள். கேட்டவர் கலங்கியபோது, வரைந்தே தீர வேண்டுமெனில் மரங்களையும் உயிரற்ற பொருள்களையும் வரையுமாறு வழிகாட்டினார்கள். அத்தொழிலாளியின் கையிலிருந்து தூரிகையைப் பிடுங்கிவிடவில்லை. அதனை வேறு திசையில் திருப்பிவிட்டார்கள். உருவம் வரைய இசையாத ஒருவருக்கும் கட்டடம் உண்டு, மரம் உண்டு, கடல் உண்டு, கருவி உண்டு, நிலப்படம் உண்டு, எழுத்து உண்டு. இவ்வளவும் இருக்கும்போது ஒரு குவிமாடத்தோடு நின்றுவிட்டது நம் வறுமையே. மார்க்கத்தின் கட்டுப்பாடு அன்று.

நம் முன்னோர் வறியரல்லர். 10ஆம் நூற்றாண்டில் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி விண்மீன்களின் நூலை எழுதியபோது, ஒவ்வொரு விண்மீன் கூட்டத்தையும் படமாக வரைந்து காட்டினார். அல்ஸஹ்ராவி அறுவை மருத்துவக் கருவிகளைத் தம் நூலில் படம் வரைந்து விளக்கினார். அல்இத்ரீஸி 1154இல் சிசிலி மன்னருக்காக உலகப்படங்களோடு நூல் இயற்றினார். அல்ஜஸரி 1206இல் நீரால் இயங்கும் பொறிகளைப் பற்றி எழுதிய நூலில் படங்கள் அத்துணைத் தெளிவாக அமைந்தமையால், 1976இல் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் அவருடைய நீர்க்கடிகாரம் ஒன்றை மீண்டும் அமைத்து இயக்கிக் காட்ட முடிந்தது. 770 ஆண்டுகளுக்குப் பின்னும் வேலை செய்யும் படம் அது! விளக்க ஓவியத்தின் முதற்கடமைக்கு இதனினும் சிறந்த சான்று வேறெதனைக் காட்டுவது? 1237இல் அல்வாஸிதி, ஹரீரியின் 'மகாமாத்' கதைகளுக்குப் பள்ளிவாசலையும் நூலகத்தையும் சிற்றூரையும் மாந்தரோடு வரைந்த ஏடு இன்றும் பாரிஸில் இருக்கிறது. உருவங்கள் பற்றிய கருத்து வேறுபாடு அன்றும் இருந்தது. ஆயினும் கதைக்குப் படம் வரையும் மரபும் உடன் இருந்தது.

எழுத்தழகுக் கலையோ நமக்கே உரிய செல்வம். 10ஆம் நூற்றாண்டு பக்தாதின் இப்னு முக்லா, எழுதுகோலின் முனை பதிக்கும் ஒரு புள்ளியையே அளவாகக் கொண்டு, அலிஃப் இத்தனைப் புள்ளி உயரம், அதனை விட்டமாகக் கொண்ட வட்டத்திற்குள் பிற எழுத்துகள் என்று ஒழுங்கு வகுத்தார். இன்றைய வடிவமைப்பாளர் பக்கத்தைக் கட்டங்களாகப் பிரித்து ஒழுங்குசெய்யும் முறைக்கு இது தொலைவான உறவன்று. அச்சுக்கலை வந்தபோது, தனித்தனி எழுத்துகளைக் கோத்து அடிக்கும் முறையைவிடக் கல்லச்சு என்னும் லித்தோ முறையை முஸ்லிம் உலகம் விரும்பி ஏற்றதற்கும் காரணம் உண்டு. லித்தோவில் எழுதுபவரின் கை அப்படியே அச்சில் வந்தது. நம் அரபுத்தமிழ் நூல்கள் பலவும் அவ்வாறு வந்தவையே. அவற்றின் பக்கங்களில் எழுத்து எழுத்தாகவும் அணியாகவும் ஒருங்கே நின்றது.

*

இத்துணை வளமான மரபு எப்போது ஒற்றைக் குவிமாடமாகச் சுருங்கிற்று? பழியை ஒருவர் மேல் சுமத்துவதற்கில்லை. காரணங்களுள் ஒன்று பொருளாதாரம். உலோக அச்சின் காலத்தில் ஒரு படம் வேண்டுமெனில் துத்தநாகத் தகட்டில் 'பிளாக்' செய்ய வேண்டும். அதற்குச் செலவு அதிகம். சிற்றூர் அச்சகங்கள் மசூதி ஒன்று, பிறை ஒன்று, ரோஜா ஒன்று எனச் சில பிளாக்குகளை வாங்கி வைத்து, வந்தவர்க்கெல்லாம் அவற்றையே அடித்துக் கொடுத்தன. தேய்வழக்கைக் குறிக்கப் பிற மொழிகளில் வழங்கும் 'கிளிஷே' என்னும் பிரெஞ்சுச் சொல்லே முதலில் இத்தகைய அச்சுத் தகட்டைக் குறித்ததுதான். ஏழ்மையால் வந்த தேய்வழக்கைக் குறைகூற எனக்கு மனமில்லை.

ஆனால் பின்னர் ஆஃப்செட் வந்தது. எந்தக் கோட்டையும் தனிச்செலவின்றி அச்சிடலாம் என்றாயிற்று. கணினி வந்தது, எந்த நிறத்தையும் நொடியில் மாற்றலாம் என்றாயிற்று. செலவு போயிற்று, தேய்வழக்கு போகவில்லை. பிளாக்கில் இருந்த மசூதி கணினியின் படத்தொகுப்புக்குள் குடியேறியது. அங்கிருந்து ஃபிளெக்ஸ் பதாகைக்கு வந்து இருபதடி உயரம் வளர்ந்தது. அண்மையில் உறவினர் இல்லத் திருமணத்திற்கு அழைப்பிதழ் அச்சிட ஓர் அச்சகத்திற்குச் சென்றிருந்தேன். நம் ஊர்ப் பள்ளியின் முகப்பைக் கோட்டோவியமாகப் போடலாமா என்று கேட்டேன். அங்கிருந்த இளைஞர் அன்போடு மறுத்தார்: 'அது பார்த்தால் மசூதி மாதிரி இருக்காதுங்க, பாய்.' நாள்தோறும் பாங்கொலி எழும் பள்ளி, பள்ளிபோல் இருக்காதாம்! அவரைக் குறை சொல்வதற்கில்லை. அவர் கண்ணுக்கு நாம்தாமே பாடம் நடத்தினோம்.

இன்று இதற்கும் மேலே ஒரு படி சென்றுவிட்டோம். செயற்கை நுண்ணறிவுப் பொறியிடம் நாலு சொல் சொன்னால் நொடியில் படம் வருகிறது. மினுமினுக்கும் குவிமாடம், பொன்னொளி, தொங்கும் விளக்குகள். அப்படங்களின் சுவர்களிலும் வளைவுகளிலும் அரபெழுத்துப் போன்ற கோடுகள் நெளிவதைப் பலர் கவனிப்பதில்லை. உற்று நோக்கினால் அவற்றுள் பல எழுத்தே அல்ல. எவராலும் வாசிக்க இயலாத கோலங்கள். அல்லாஹ்வின் திருநாமம் எழுத வேண்டிய இடத்தில் பொருளற்ற கோடுகளை அச்சிட்டு, அதனை மார்க்க நூலின் அட்டை என்று வீட்டுக்குள் கொண்டுவருகிறோம். ஓர் அலிஃபின் உயரத்தைப் புள்ளிகளால் அளந்த மரபின் பிள்ளைகள் நாம்! குர்ஆனை ஓதக் கற்பிக்கும்போது ஓர் எழுத்தின் உச்சரிப்புப் பிசகினால் உஸ்தாது நிறுத்தித் திருத்துவார். அட்டையில் எழுத்தே பொய்யாகும்போது திருத்துவார் இல்லை.

இப்பொறிகளை முற்றாக விலக்குக என்பது என் வாதமன்று. அவை முன்பு பிறர் வரைந்தவற்றையும் படமெடுத்தவற்றையும் கற்றுக்கொண்டு, அவற்றினின்று புதியதைக் கலந்து தருபவை. எது மிகுதியாக வரையப்பட்டதோ அதுவே மிகுதியாகத் திரும்பி வரும். கீழக்கரைத் தூண்களை நாம் வரைந்து வைக்கவில்லையெனில், எந்தப் பொறியும் தானாக அவற்றை நமக்குத் தரப்போவதில்லை.

*

இவ்விடத்தில் உமறுப் புலவரை நினையாமல் இருக்க இயலவில்லை. 17ஆம் நூற்றாண்டில் சீறாப்புராணம் பாடிய அப்பெருமகனார் அரபு நாட்டைக் கண்டவரல்லர். நாட்டுப்படலத்தில் அந்நாட்டைப் பாட நேர்ந்தபோது அவர் மேகத்தை எழுப்பினார், மழையைப் பொழிவித்தார், ஆற்றைப் பெருக்கினார், வயலில் நாற்று நடச் செய்தார். அரபு மணலில் தமிழ் மருதநிலம் விளைந்தது. புவியியல் தெரிந்தோர் இதனைப் பிழை என்பர். நான் இதனைத் திறம் என்பேன். நாயகம் (ஸல்) அவர்களின் திருவரலாற்றைத் தமிழ் முஸ்லிம் தன் வயல்வரப்பில் நின்று கேட்குமாறு செய்தார் புலவர். சொல்லால் அவர் வரைந்த விளக்க ஓவியம் அது.

அவர் செய்ததற்கு நேர்மாறாக இன்று நாம் செய்கிறோம். தமிழ்நாட்டு மதரஸாவின் ஆண்டு மலரில் பாலைவனம். மரவள்ளியும் நெல்லும் விளையும் மண்ணில் நடக்கும் நிக்காஹுக்கு ஒட்டகம். அவர் அரபு நாட்டைத் தமிழாக்கினார். நாம் தமிழ் முஸ்லிமை அயலானாக்குகிறோம். 'இவர்கள் எங்கிருந்தோ வந்தவர்கள்' என்று பிறர் சொன்னால் நாம் வருந்துகிறோம், வருந்துவது நியாயமே. ஆனால் நம் அட்டைகள் அதே சொல்லைப் படமாகச் சொல்லிக்கொண்டிருக்கின்றன என்பதை எண்ணினோமா? மக்கா, மதீனாவின் படங்களை வீட்டில் மாட்டுவது வேறு. அது கிப்லாவின் நினைவு, நெஞ்சின் ஏக்கம். நான் சொல்வது அதனையன்று. எந்த இடத்தையும் குறிக்காத, எவரும் தொழுதிராத கற்பனைக் குவிமாடத்தைப் பற்றியே பேசுகிறேன்.

நல்ல படங்களே நம்மிடம் இல்லை என்று சொல்லிவிட்டால் அது அநீதியாகும். சிறுவர்க்கு ஒளுச் செய்யக் கற்பிக்கும் எளிய நூல்கள் சிலவற்றைப் பார்த்திருக்கிறேன். முகம் காட்டாமல் கைகளையும் பாதங்களையும் மட்டும் வரைந்து, நீர் எவ்வழி செல்ல வேண்டும் என்பதை அம்புக்குறியால் காட்டியிருப்பர். ஒரு கோடும் மிகையில்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளை படத்தைப் பார்த்தே முறையைக் கற்றுக்கொள்கிறது. ஹஜ் பயணிகளுக்கான கையேடுகளில் மக்கா, மினா, அரஃபாத், முஸ்தலிஃபா ஆகிய இடங்களை வரிசைப்படுத்திக் காட்டும் நிலப்படமும் அத்தகையதே. கூட்டத்தில் திகைக்கும் முதிய ஹாஜியின் கைப்பிடி அது. இவற்றை வரைந்தவர்களின் பெயர்கூட நூலில் இருப்பதில்லை. ஆயினும் அல்ஜஸரியின் மரபைத் தொடர்பவர்கள் அவர்களே. அழகிய அட்டை ஓவியங்களைக் காட்டிலும் இந்த எளிய கோடுகளையே நான் உயர்வாக மதிக்கிறேன்.

தமிழ் எழுத்தை ஓவியமாக்கும் முயற்சியிலும் நமக்கு முன்மாதிரி உண்டு. துறையூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஓவியர் கே.எம். ஆதிமூலம், 2008இல் மறையும்வரை, இதழ்களுக்கும் நூல்களுக்கும் தூரிகையால் எழுதித்தந்த தலைப்பெழுத்துகள் படமே வேண்டாத அட்டைகளை உருவாக்கின. உருவம் வேண்டாம் என்னும் நம் பதிப்பகங்களுக்கு இதைவிட உகந்த வழி ஏது? அரபு எழுத்தழகின் ஒழுங்கைக் கற்ற கையொன்று தமிழ் எழுத்தையும் அவ்வன்போடு எழுதப் புகுந்தால், வேறெவரிடமும் இல்லாத ஓர் அட்டை மரபு தமிழ் முஸ்லிம்களுக்கு வாய்க்கும்.

ஆகவே விண்ணப்பமாகச் சிலவற்றைச் சொல்லி முடிக்கிறேன். பதிப்பாளர்கள் அட்டைப் படம் கேட்கும்போது, 'ஒரு மசூதிப் படம்' என்று கேளாமல், 'இன்ன ஊர்ப் பள்ளியின் படம்' என்று கேட்கட்டும். வரைந்தவர் பெயரை நூலில் அச்சிடட்டும். அவருக்குரிய கூலியைக் குறையாது கொடுக்கட்டும். திருவசனம் அச்சிடும் முன் ஓர் ஆலிமிடம் காட்டி எழுத்தைச் சரிபார்க்கட்டும்; குப்பைக்குப் போகும் துண்டறிக்கையில் திருவசனம் வேண்டுமா என்பதையும் எண்ணிப் பார்க்கட்டும். மதரஸாக்களில் எழுத்தழகைப் பாடமாக வைக்கட்டும். பெற்றோர், படம் வரையும் பிள்ளையின் கையிலிருந்து பென்சிலை வாங்கிவிடாமல், விடுமுறை நாளில் பழைய பள்ளியொன்றின் முற்றத்தில் அமர்த்தி, 'இந்தத் தூணை வரை' என்று சொல்லட்டும்.

நாமக்கல்லில் ஓர் இளைஞனைக் கண்டு, 'நீ போய்ப் படி' என்று தூண்ட ஒரு கவிஞர் இருந்தார். அதனால் தென்னாட்டுக் கோயில்களுக்கு ஒரு சில்பி கிடைத்தார். நம் தெருவிலும் அத்தகைய பிள்ளைகள் இல்லாமலா போவர்? தூண்டுவார்தாம் வேண்டும். இடிக்கப்படாமல் எஞ்சியிருக்கும் பள்ளிகள் இன்னும் சில உண்டு. அவை நிற்கும்போதே வரைந்து வைத்துக்கொள்ள வல்ல இறைவன் நமக்கு நல்லெண்ணம் தருவானாக!